ஒரு காம்பராவுக்குள் ஒபிஸ் போடச் சொல்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் முழுவதும் வாசியுங்கள். இல்லாதவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள், உங்களிடம் கேட்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

இரண்டு வாரமாக நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. கோட் போட்ட ஒருவர், பின்னால் பூச்சட்டி, பக்கத்தில் புத்தக அலுமாரி. "வீட்டில் ஒரு மூலை, ஒரு மேசை, ஒரு லேப்டாப், நல்ல இன்டர்நெட். இவ்வளவுதான். உங்கள் வீடே உங்கள் ஒபிஸ். மாதம் லட்சம் உழைக்கலாம்" என்கிறார். அதைப் பகிர்ந்த டவுன்காரர் ஒருவர், "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்போ எல்லா வசதியும் வந்துவிட்டது, முன்னேற மனம்தான் இல்லை" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அதற்கு நாற்பது லைக். அந்த நாற்பதில் எங்களிடம் படித்துப் போனவர்களின் பெயர்களும் இருப்பதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க எங்களால் முடியவில்லை.

"மூலை" என்றாரே, அதிலிருந்தே தொடங்குவோம்.

லயத்துக் காம்பரா ஒன்று பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு. அதையும் அநேகம் பேர் தகரத்தாலும் பலகையாலும் அடைத்துக் குசினியாக்கிவிட்டார்கள், அல்லது கலியாணம் முடித்த மூத்த மகனுக்குப் படுக்கையாக்கிவிட்டார்கள். மிச்சம் இருக்கிற 120 சதுர அடிக்குள் அப்பா, அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகள், அலுமாரி, சாமிப்படம், அரிசி மூட்டை, டீவி. நான்கு மூலையிலும் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஐந்தாவது மூலை எங்கே என்று அந்தக் கோட் போட்டவரிடம் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் பழைய மாணவி ஒருத்தி. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவள். கொழும்பில் உள்ள ஒரு கணக்காளருக்கு பில்களை எல்லாம் கம்பியூட்டரில் பதிந்து கொடுக்கிறாள். முன்னேற மனமில்லாத பிள்ளை அல்ல, மனம் மட்டும்தான் அவளிடம் நிறைய இருக்கிறது. அவளுடைய ஒபிஸ் நேரத்தைச் சொல்கிறோம், கேளுங்கள். அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் பால் வெட்டப் போவார்கள். ஏழு மணிக்குத் தம்பி தங்கை பாடசாலைக்குக் கிளம்பினால், ஏழரையிலிருந்து பத்தரை பதினொன்று வரைக்கும் காம்பரா அவளுக்கு. றங்குப் பெட்டிதான் மேசை, பாய்தான் கதிரை. வெட்டிய பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு அவர்கள் திரும்பிவிட்டால் சமையல், புகை, பேச்சு. லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் பல இடங்களில் கூரைவரை போவதில்லை. மேலே எல்லாம் திறந்த வெளி. பக்கத்து வீட்டு டீவி நாடகம், அதற்கு அடுத்த வீட்டுச் சண்டை, எல்லாம் அவளுடைய ஒபிஸுக்குள்ளேதான் நடக்கும். ப்ளக் பொயின்ட் ஒன்று. ரைஸ் குக்கர் போட்டால் லேப்டாப் இல்லை, லேப்டாப் போட்டால் சோறு இல்லை.

வீடியோ கோல் என்றால் பின்னால் ஒரு பெட்சீட்டைக் கட்டிக்கொள்கிறாள். ஒருமுறை அந்தப் பக்கம் இருந்தவர், "மிஸ், என்ன அங்கே சந்தையா?" என்று கேட்டாராம். அவள் சிரித்துச் சமாளித்ததாகத்தான் எங்களிடம் சொன்னாள். இரவு பதினொன்றுக்கு மேல் எல்லோரும் படுத்த பிறகு போர்வைக்குள் திரை வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு மிச்ச வேலையை முடிக்கிறாள். இதை "வீட்டிலிருந்து வேலை செய்யும் சுதந்திரம்" என்று அந்த வீடியோ சொல்கிறது.

வீட்டிலிருந்து தொழில் செய்வது நமக்குப் புதிய சங்கதியா? இரத்தினபுரிப் பக்கம் வீட்டு விறாந்தையில் பட்டறை போட்டு மாணிக்கக்கல் பட்டை தீட்டிய குடும்பங்கள் எத்தனை! மாவனல்லையில், பலாங்கொடையில் நம் தாய்மார் தையல் மெஷினை முன்னறையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கவில்லையா? தமிழ்நாட்டில் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பெண்கள் திண்ணையில் சுளகை மடியில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பீடி சுற்றுகிறார்கள். லேப்டாப் வருவதற்கு எவ்வளவோ காலம் முந்திய "வர்க் ஃப்ரம் ஹோம்" அது. இந்தியாவில் 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளர் என்றே கணக்கில் எடுத்தது. அதனால் அவர்கள் சேமலாப நிதி கேட்க முடிந்தது, அடையாள அட்டை கேட்க முடிந்தது. அந்தச் சட்டம் அங்கே ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு கதை. சட்டத்தில் பெயராவது இருக்கிறது.

நம்மவர்களுக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? நம் மாமா விறாந்தையில் பட்டறை போட யாரிடமும் கடிதம் வாங்கவில்லை. சுவரில் துளை போட்டு இன்னொரு ப்ளக் பொயின்ட் வைக்க யாருடைய உத்தரவும் தேவைப்படவில்லை. வீடு அவருடையது, உறுதி அவர் பெட்டிக்குள்.

லயத்துக் காம்பரா அப்படியல்ல. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள், பிறகு நீண்டகாலக் குத்தகை. காணி அரசாங்கத்தினது, குத்தகை கம்பனியினது, உழைப்பு மட்டும் தொழிலாளியினது. நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்த காம்பரா யாருடையது என்று கேட்டால் பதில் இல்லை. கரண்ட் எடுக்கவும் தோட்ட நிர்வாகத்தின் கடிதம், இஸ்தோப்பை இரண்டடி நீட்டவும் நிர்வாகத்தின் சம்மதம். 2023 ஓகஸ்டில் மாத்தளை எல்கடுவப் பக்கம் ரத்வத்த தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடியிருப்பைத் தோட்ட அதிகாரி அடித்து உடைத்த வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம், பகிர்ந்தோம், கொதித்தோம். அதைப் பகிர்ந்த அதே கைகள்தான் இன்றைக்கு "வீட்டில் ஒரு ஒபிஸ் போடுங்கள்" என்பதையும் பகிர்கின்றன. இரண்டும் ஒரே லயத்தைப் பற்றியது என்று யாருக்கும் தோன்றவில்லையா?

2022 ஜூன் ஞாபகம் இருக்கிறதா? டீசல் இல்லை, பெற்றோல் இல்லை. அரசாங்க அலுவலர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யட்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்றார்கள். நல்லது. பால் வெட்டுகிறவர் இறப்பர் மரத்தை வீட்டுக்குக் கொண்டு வர முடியுமா? கொழுந்து எடுக்கிற அக்கா தேயிலை மலையை இஸ்தோப்பில் வைத்துக்கொள்ள முடியுமா? வருஷம் முழுக்கத் தோட்டத்திலேயே நிற்கிற மனிதருக்குக் கத்தரிக் கன்று நான்கு நடுவதற்குத் தன்னுடையது என்று சொல்ல ஒரு துண்டு நிலம் இல்லை. யாரை மனதில் வைத்துக்கொண்டு இந்த நாட்டில் "வீடு" என்ற சொல்லைப் பாவிக்கிறார்கள் என்பது அந்த மாதம் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்தது முகவரி. டவுனில் இருப்பவர்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது.

ஒரு பையன் யூடியூபில் சமையல் வீடியோ போடுகிறான். நன்றாகவே போடுகிறான், மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பலும். கூகுளின் விளம்பரக் கணக்கில் 10 டொலர் சேர்ந்தால், இந்த முகவரியில் இருப்பது நீதானா என்று பார்க்க அவர்கள் இலக்கம் எழுதிய ஒரு கடிதத்தைத் தபாலில் அனுப்புவார்கள். அந்த இலக்கத்தைப் போடாவிட்டால் காசு வராது. இவனுடைய முகவரி என்ன? தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், தபால் கந்தோர். வீட்டு இலக்கம் இல்லை, வீதி இல்லை. அதே பெயரில் அந்த டிவிஷனில் மூன்று பேர். கடிதங்கள் எல்லாம் தோட்டத்து ஒபிஸுக்குப் போகும், அங்கே ஒரு மேசையில் கிடக்கும், யாராவது அந்தப் பக்கம் போனால் கொண்டு வருவார்கள். வேலைக்கான நேர்முகக் கடிதமும் பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த கதைகள் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிற எந்த ஆசிரியரைக் கேட்டாலும் கிடைக்கும். இவனுக்கு அந்தக் கடிதம் வரவே இல்லை. மறுபடியும் கேட்டு, அதுவும் வரவில்லை. இப்போது வீடியோ போடுவதை விட்டுவிட்டு கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான்.

வங்கிக்குப் போனால் முகவரிக்கு அத்தாட்சியாக கரண்ட் பில் கேட்கிறார்கள். பில்லில் தாத்தாவின் பெயர் இருக்கும், அல்லது தோட்டத்தின் பெயர் இருக்கும். கிராம சேவகரிடம் ஒரு கடிதம், தோட்டத்தில் ஒரு கடிதம், பிரதேச செயலகத்தில் ஒரு கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் பஸ் காசும் ஒரு நாள் பேரும் போகும். வெளிநாட்டுக் காசைப் பெறுவது இந்த நாட்டில் யாருக்கும் லேசு இல்லை, பேபால் இருந்தும் அதில் காசை வாங்க முடியாமல் கொழும்புப் பிள்ளைகளே தலையில் கை வைக்கிறார்கள். அந்தக் கஷ்டம் தொடங்குகிற இடத்துக்கு வந்து சேரவே தோட்டத்துப் பிள்ளைக்கு ஆறு மாதம் பிடிக்கிறது.

"சிக்னல் வந்துவிட்டதே, இப்போ ஸ்டார்லிங்கும் வந்துவிட்டதே" என்பார்கள். 2025 ஜூலையில் வந்தது, உண்மை. வந்தபோது சாதாரண வீட்டுப் பாவனைக்கு மாதம் 15,000 ரூபா, சட்டிக்கு மட்டும் லட்சத்துக்கு மேல். 2024 செப்டெம்பரில் எவ்வளவோ இழுபறிக்குப் பிறகு தீர்மானமான அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபா. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், அப்போது பதினொரு நாள் பேர் சிக்னலுக்கே போயிருக்கும். கொரோனாக் காலத்தில் எங்கள் பிள்ளைகள் தண்ணீர்த் தாங்கி மேலும் கல் மேலும் ஏறி நின்று பாடம் எடுத்தார்கள். பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள் போனதை 2021இல் வெளிநாட்டுப் பத்திரிகைகளே எழுதின. அது சிங்களக் கிராமம். இதில் இனம் இல்லை, மலை இருக்கிறது, காசு இருக்கிறது, கேட்பாரற்ற தன்மை இருக்கிறது. கம்பியூட்டர் அறிவைப் பற்றி அரசாங்கம் எடுக்கிற கணக்கெடுப்பில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். கடைசியில் நிற்பது எது என்று சொல்லவும் வேண்டுமா?

மழையையும் சொல்லிவிடுகிறோம். 2016 மே 17இல் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்ததை நம் கேகாலைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. இப்போது கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விட்டால் லயத்துச் சனம் பாடசாலை மண்டபத்துக்கு வந்து படுக்கிறது. அந்த மாணவி லேப்டாப்பை உரப் பைக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறாள். தவணைக்கு வாங்கியது, இன்னும் கட்டி முடியவில்லை.

இனி, நமக்குள்ளே பேச வேண்டியது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் டவுன்காரர்களிடம். தோட்டத்துப் பிள்ளை ஊரிலேயே இருந்து கௌரவமாக உழைக்க வழி இல்லாவிட்டால் எங்கே போகும்? ஆண்பிள்ளை கடைக்கு, பெண்பிள்ளை வீட்டு வேலைக்கோ கார்மென்டுக்கோ. அந்தக் கடைகளில் நம்மவர் கடைகளும் இருக்கின்றன. காலை ஏழு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்க ஒரு பையன் மலிவாகக் கிடைக்கிறான் என்பது நமக்கு வசதியாக இருக்கிறது. "மனமில்லை" என்று லைக் போடுவதற்கு முன்னால் அவனுடைய காம்பராவில் ஒரு நாள் உட்கார்ந்து ஒரு பக்கம் டைப் பண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, தோட்டத்துப் பெற்றோரிடம். அம்மா, ஐயா, பிள்ளை கம்பியூட்டர் முன்னால் இருந்தால் அது வேலை. "சும்மாதானே இருக்க, தண்ணி புடிச்சிட்டு வா புள்ள" என்று கூப்பிடும்போது அந்தப் பக்கத்தில் ஒருவர் மணிக்கணக்குப் பார்த்துக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார். பைப்பில் தண்ணீர் வருவது ஒரு மணித்தியாலம்தான் என்று எங்களுக்கும் தெரியும். அந்த ஒரு மணித்தியாலம் அண்ணன் போய்ப் பிடிக்கட்டும். மகன் போனில் இருந்தால் "வேலை", மகள் இருந்தால் "சும்மா" என்பதை எந்தத் தோட்டத்துரையும் எழுதிவைக்கவில்லை. அது நம் வீட்டுச் சட்டம், இன்றைக்கே மாற்றலாம்.

மூன்றாவது, பிள்ளைகளே, ஒன்லைன் வேலை தருகிறேன், முதலில் 5,000 பதிவுப் பணம் போடு என்கிறவன் கள்ளன். லைக் போட்டால் காசு, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் இரட்டிப்புக் காசு என்கிறவனும் கள்ளன். வேலை தருகிறவன் உன்னிடம் காசு கேட்க மாட்டான். அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டிவிட்டு எங்களிடம் அழுதுகொண்டு வருவதற்கு முன்னால், கட்டாமல் வாருங்கள், ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.

அப்போ என்னதான் வழி? நியாயமான கேள்வி.

பெரிய வழி காணியும் வீடும் முகவரியும்தான். 7 பேர்ச்சஸ் காணியும் 550 சதுர அடி வீடும் என்று பேச்சு வந்து பல வருஷம். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் 10,000 வீடு அறிவித்தார். மலையகம் என்றாலே நுவரெலியாதான் எல்லோருடைய கண்ணிலும் படும். இறக்குவானையும் காவத்தையும் தெரணியகலையும் எட்டியாந்தோட்டையும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் போல, இலையில் விழுவது மிச்சம்தான். அதற்காகக் கேட்பதை விடக்கூடாது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள்ளும் வேலை செய்யலாம் என்று 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒவ்வொரு லயத்துக்கும் இலக்கமும் பாதைக்குப் பெயரும் கேட்டு சபைக்கு ஒரு கடிதம் எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வீட்டில் வேலை செய்கிறவருக்கும் மற்றத் தொழிலாளிக்குள்ள உரிமை வேண்டும் என்று 1996இல் சர்வதேச தொழில் அமைப்பு 177ஆம் இலக்க உடன்படிக்கை கொண்டுவந்தது. இலங்கை இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர்கள் மேடை ஏறும்போது அதையும் ஞாபகப்படுத்துங்கள்.

அதெல்லாம் வரும்வரைக்கும் அந்தப் பிள்ளை போர்வைக்குள்ளேயே டைப் பண்ண வேண்டுமா?

வீட்டுக்குள் ஒபிஸ் வைக்க இடமில்லாவிட்டால் வீட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஒரு டிவிஷனுக்கு ஒரு அறை போதும். கதவும் பூட்டும் நான்கு ப்ளக் பொயின்டும் ஒரு ரவுட்டரும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடமும் இருந்தால் சரி. புதிதாகக் கட்டவும் வேண்டாம், இருக்கிறதைத் திறந்தால் போதும். 2005 காலத்தில் அறிவகம் என்று ஊர் ஊராகத் திறந்தார்களே, அந்தக் கட்டடங்கள் எங்கே? தோட்டங்களில் பிரஜாசக்தி நிலையங்கள் வந்தன. ஆட்சி மாறினால் திறப்பு மாறியது, பிறகு திறப்பே காணாமல் போனது. எத்தனை அறைகள் பழைய பெனரும் உடைந்த கதிரையுமாகப் பூட்டிக் கிடக்கின்றன என்று உங்கள் உங்கள் தோட்டத்தில் எண்ணிப் பார்த்துக் கொமென்டில் போடுங்கள்.

பாடசாலைகளில் கம்பியூட்டர் அறை பிற்பகல் ஒன்றரைக்குப் பூட்டினால் மறுநாள் காலைதான் திறக்கும். சனி, ஞாயிறு, லீவு நாள் எல்லாம் பூட்டு. இதைக் கேட்டுப் போனால் சில இடங்களில் கிடைக்கிற பதில் எங்களுக்கு மனப்பாடம்: "களவு போனால் யார் பொறுப்பு? கரண்ட் பில்லை யார் கட்டுவது? வெளியாட்களை எப்படி விடுவது?" வெளியாட்கள் இல்லை சேர், நேற்றுவரை உங்கள் இடாப்பில் பெயர் இருந்த பிள்ளைகள். களவுக்கு ஒரு பதிவுப் புத்தகம், பழைய மாணவர் சங்கத்தில் பொறுப்பான இரண்டு பேரிடம் திறப்பு. பில்லுக்கு, பாவிக்கிறவர்கள் மணித்தியாலத்துக்கு இருபது ரூபா. கம்பியூட்டரைத் தொடவே வேண்டாம், அவர்கள் தங்கள் லேப்டாப்பைக் கொண்டு வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது மேசை, கரண்ட், அமைதி. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒரு தீர்மானம் எழுதி வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பினால் அனுமதி கேட்கலாம். கேட்காமலேயே "தரமாட்டார்கள்" என்று சொல்வதை ஏற்க முடியாது.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் இதே கேள்வி. மத்ரஸாப் பிள்ளைகள் வராத நேரத்தில் மேல்மாடி காலியாகக் கிடக்கிறது, மின்விசிறியும் இருக்கிறது. கீழ் டிவிஷன் லயத்திலிருந்து அங்கே நடந்தே வரலாம். கோயில் மண்டபத்தைப் பற்றிப் பரிபாலன சபையில் உள்ள அண்ணன்மார் ஏற்கெனவே பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நாம் பிந்திவிடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த மார்க்கம் என்று பார்த்துக் கதவு திறக்கும் வழக்கம் நம் ஊரில் வெள்ளம் வந்த நாட்களிலும் இருந்ததில்லை.

எதிர்ப்பு இருக்கிறவர்கள் கொமென்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறோம். திட்டுகிறவர்கள் உங்கள் சொந்தப் பெயரில் வந்து திட்டுங்கள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் இதைப் பேச உட்காருகிறோம். பழைய மாணவர்கள், பெற்றோர், பள்ளிவாசல், கோயில், சேர்ச் எல்லாத் தரப்பிலிருந்தும் வாருங்கள். வயரிங் தெரிந்த தம்பிமார் கட்டாயம் வாருங்கள். பிரதேச சபைக்கான இலக்கக் கடிதம் அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கப்படும், அடையாள அட்டை கொண்டு வாருங்கள். மேசை ஆறு தேறும். கதிரைதான் இல்லை. யாருடைய வீட்டிலாவது பாவிக்காத கதிரை இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், முச்சக்கரவண்டியோடு வந்து ஏற்றிக்கொள்கிறோம்.